தோட்டத்துக்கு லைன் எடுப்பதா, சோலர் போடுவதா? (விசுவமடு) கூடவே மகளின் ஒரு கேள்வி

விசுவமடு_தோட்டம்:
வணக்கம். விசுவமடுவில் இரண்டு ஏக்கர் தோட்டம் செய்கிறேன். மிளகாய், கச்சான், ஒரு துண்டு வெங்காயம். கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய் மிசினால்தான் இறைப்பு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே அடியாக ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிறகு விலை இறங்கியதுதான், ஆனால் இறைப்புச் செலவு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மின்கம்பம் என் காணியிலிருந்து அரை கிலோமீற்றருக்கு மேல். லைன் இழுக்கக் கேட்ட காசுக்கு இன்னொரு துண்டுக் காணி வாங்கலாம். சோலர் போடு என்கிறான் தம்பி. மாரியில் அது படுத்துவிடும், யானை வந்தால் அதுவும் மிஞ்சாது என்கிறார் பக்கத்துக் காணிக்காரர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. மகள் தரம் 10. புதுப்பிக்கத்தக்க சக்தி, புதுப்பிக்க முடியாத சக்தி என்று விஞ்ஞானத்தில் படிக்கிறாள். "வெயில் எங்களிடம் இருக்கிறது, காற்று இருக்கிறது, இரணைமடுவில் தண்ணீர் இருக்கிறது, பிறகு ஏன் நுரைச்சோலையில் கரி எரித்துக் கறன்ட் எடுக்கிறார்கள்?" என்று கேட்கிறாள். அதற்கும் யாராவது பதில் தந்தால் நல்லது.

பழைய_வயர்மேன்:
தம்பி, மகளின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் பம்பிக்கான பதிலும் அதற்குள்தான் கிடக்கிறது.

கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் சுழற்றினால் கம்பியில் மின்னோட்டம் வரும். மைக்கேல் பரடே 1831 இல் கண்டுபிடித்தது. இன்றைக்கும் பெரும்பாலான மின்நிலையங்கள் அதைத்தான் செய்கின்றன. சுழற்றுவது யார் என்பதில்தான் வித்தியாசம். இலக்சபானாவில் மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் சுழற்றுகிறது. மன்னாரில் காற்று. நுரைச்சோலையில் கரியை எரித்துத் தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியின் அழுத்தத்தால் சுழலியைச் சுற்றுகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கூடங்குளத்தில் யுரேனிய அணுவைப் பிளந்து வரும் வெப்பத்தாலும் நீராவிதான் எடுக்கிறார்கள். டீசல் என்றால் நீராவி வேண்டாம், எஞ்சினே நேராகச் சுழற்றும். சோலர் மட்டும் வேறு சாதி. அதில் சுழலும் பாகமே இல்லை. ஒளி சிலிக்கனில் பட்டதும் எலத்திரன்கள் விடுபட்டு ஒரு திசையில் ஓடுகின்றன, நேரோட்ட மின்சாரம் கிடைக்கிறது. வீட்டுக்கு வேண்டிய 230 வோல்ற் ஆடலோட்டமாக அதை மாற்றுவது இன்வேர்ட்டரின் வேலை.

நுரைச்சோலையில் 300 மெகாவாட் அலகுகள் மூன்று, மொத்தம் 900. முதலாவது 2011 இல் ஓடத் தொடங்கியது. வருடத்துக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் கரி தேவை. நாட்டில் ஒரு கிலோ கரிகூடத் தோண்டுவதில்லை, எல்லாம் கப்பலில்தான் வருகிறது. எரிக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் கறன்ட் ஆகிறது. மிச்சம் புகைபோக்கியாலும் குளிராக்கும் கடல்நீராலும் போய்விடும். அப்படியிருந்தும் அதை ஏன் வைத்திருக்கிறோம்? இரவு ஏழு மணிக்கு ஊர் முழுக்க சுவிட்ச் போடும்போது அது எரிந்துகொண்டிருக்கும். வெயில் அந்த நேரம் இருக்காது.

குளக்கட்டு:
இரணைமடு பற்றி நான் சொல்கிறேன், இந்தக் கேள்வியைக் கமக்காரர் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன்.

நீர்மின்னுக்கு இரண்டு விடயம் வேண்டும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து. இரணைமடு பெரிய குளம்தான். ஆனால் நிரம்பி நின்றாலும் ஆழம் 36 அடி, அதாவது 11 மீற்றர் அளவு. 10 மீற்றர் உயரம், செக்கனுக்கு 5 கனமீற்றர் தண்ணீர் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஐ 5 ஆல் பெருக்கி, புவியீர்ப்பு 9.8 ஆல் பெருக்கி, இயந்திரம் 80 வீதம் திறமையாக ஓடுகிறது என்று எடுத்தால் கிடைப்பது 390 கிலோவாட் அளவு. மன்னாரில் நிற்கும் ஒரு காற்றாலை முழு வேகத்தில் ஓடினால் 3,450 கிலோவாட். அதில் எட்டில் ஒரு பங்குகூட வராது.

அதுவும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாட்களில் மட்டும். குளம் இறங்க இறங்க உயரம் குறையும், கறன்டும் குறையும். கறன்ட் வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைத் திறந்தால் வயல்காரர் விடமாட்டார், விடவும் கூடாது. மாரியில் வான்கதவு திறக்கும்போது பாய்வது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். 2018 டிசம்பரில் பார்த்தோமே. ஆனால் அந்தச் சில நாட்களுக்காக ஒரு மின்நிலையம் கட்ட முடியாது. வன்னி தட்டை நிலம். அதனால்தான் நெல் விளைகிறது, அதனால்தான் நீர்மின் இல்லை.

சந்தேகி:
எல்லாம் சரி. ஆனால் இந்தப் "புதுப்பிக்கத்தக்க" என்ற பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை. பனலைச் சீனாவில் செய்கிறார்கள், அங்கேயும் கரி எரித்துத்தான். காற்றாலையின் கோபுரம் இரும்பு. பிறகு எங்கே சுத்தம்?

பழைய_வயர்மேன்:
செய்யும்போது செலவாகும் சக்தி உண்மைதான். ஆனால் எங்கள் வெயிலில் ஒரு பனல் அந்தச் சக்தியை ஒன்றிரண்டு வருடத்தில் திருப்பித் தந்துவிடும், பிறகு இருபது இருபத்தைந்து வருடம் ஓடும். கரியில் அந்தக் கணக்கே இல்லை. நாளைக்கு ஓடவும் நாளைக்கு ஒரு கப்பல் வேண்டும். டொலர் இல்லாவிட்டால் கப்பல் இல்லை. 2022 மார்ச் முடிவில் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் இருந்தோம். எரிபொருள் வாங்கக் காசில்லாதது ஒரு காரணம், வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றியது இன்னொரு காரணம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பளைக்_காற்று:
காற்றைப் பற்றி யாருமே எழுதவில்லையே! பளைப் பக்கம் 2014 இலிருந்து தலா 10 மெகாவாட் அளவில் இரண்டு காற்றாலைத் தொகுதிகள் ஓடுகின்றன. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட்.

காற்றில் ஒரு கணக்கு இருக்கிறது, மகளுக்குக் காட்டுங்கள். வேகம் இரு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. வேகம் பாதியானால் எட்டில் ஒன்று. ஆகவே கொஞ்சம் காற்று உள்ள இடத்துக்கும் நல்ல காற்று உள்ள இடத்துக்கும் இடையில் மலை அளவு வித்தியாசம். செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்துக்குக் கீழே இறக்கை சும்மாதான் நிற்கும். 25 மீற்றர் அளவைத் தாண்டினால் உடையாமல் இருக்க அதுவே நிறுத்திக்கொள்ளும்.

வைகாசியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்தால் புரட்டாதி வரை எங்கள் பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் காற்றாலையின் அறுவடைக் காலம். இதில் ஒரு வேடிக்கை. அதே சோளகத்தில் நுரைச்சோலைக் கடல் கொந்தளிக்கும், கப்பலிலிருந்து கரி இறக்க முடியாது. அதனால் ஏப்ரலுக்குள் கரியைக் கொண்டுவந்து குவித்துவிட வேண்டும். அவர்களின் கப்பலை நிறுத்தும் காற்று எங்கள் இறக்கையைச் சுழற்றுகிறது.

மன்னார்_கரை:
பளை அண்ணை, காற்றாலையைப் பளையில் இருந்து பார்ப்பது வேறு, மன்னார்த் தீவுக்குள் இருந்து பார்ப்பது வேறு.

எங்கள் தீவு ஒரு மணல் திட்டு. கடல் மட்டத்தை விட அதிக உயரம் இல்லை. மழை வெள்ளம் எந்தப் பக்கத்தால் வடிகிறது என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கொங்கிறீட் அத்திவாரமும் கிரவல் வீதியும் போட்ட பிறகு தண்ணீர் தேங்குகிறது என்று சொன்னால் ஆவணம் கேட்கிறார்கள். பறவைகள் இன்னொன்று. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகள் இறங்கும் பாதையில்தான் மன்னார் இருக்கிறது. வங்காலைச் சரணாலயம் ராம்சார் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஈரநிலம். பூநாரை பார்க்க வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள். 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் நகரில் நாட்கணக்கில் போராட்டம் நடந்தது. போனவர்கள் கறன்ட் வேண்டாதவர்கள் இல்லை. "எங்களிடம் கேட்டீர்களா?" என்பதுதான் கேள்வி.

மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் போட வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. விலை பற்றிக் கொழும்பில் பெரிய விவாதம் நடந்தது. காணி பற்றியும் தண்ணீர் பற்றியும் அதில் பாதிகூடப் பேசவில்லை.

பளைக்_காற்று:
தங்கச்சியோ தம்பியோ தெரியாது, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் "தீவுக்கு வெளியே போடு" என்பதும் "எங்கேயும் போடாதே" என்பதும் ஒன்றல்ல. பூநகரிக் கரையிலும் காற்று இருக்கிறது.

மன்னார்_கரை:
தங்கச்சிதான். பூநகரியிலும் ஆட்கள் இருக்கிறார்கள் அண்ணை, அவர்களிடமும் கேட்கட்டும். மன்னார்க் கடலில் 2011 இல் எரிவாயு கண்டுபிடித்தார்கள் என்று பெரிய செய்தி வந்ததே, அது புதுப்பிக்க முடியாத சக்தி, அதற்குக்கூட எங்கள் மீனவரைக் கேட்கவில்லை. எதை எடுத்தாலும் வரைபடத்தில் எங்கள் ஊர் வெறும் இடமாகத்தான் தெரிகிறது.

மட்டுறுத்துநர்:
கட்சி அரசியல் வேண்டாம். கேட்டவருக்குப் பம்பி வேண்டும்.

ஜாம்போத்தல்:
கட்சி இல்லை, ஒரு பழைய கதை மட்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் கறன்ட் என்பதே இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரியை விளிம்பில் சொருகி வைத்த விளக்கில்தான் இங்கே ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். வயர்மேன் சொன்ன பரடேயின் காந்தமும் சுருளும் அந்த டைனமோவுக்குள் இருந்தன. மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரிபொருள் எங்கிருந்தோ வரவேண்டி இருந்தால் வழியில் நிற்பவன் அதை மறிக்கலாம். வெயிலை மறிக்க ஆள் இல்லை. என் ஓட்டு சோலருக்கு.

ஆலைக்காரன்:
விறகையும் உமியையும் விட்டுவிட்டீர்கள். நெல் அவிக்கும் ஆலைகளில் கொதிகலனுக்கு உமிதான் போடுகிறோம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. முன்பெல்லாம் குவித்து வைத்துக் கொளுத்துவோம். அதை எரித்து நீராவி எடுத்துச் சுழலி ஓட்டினால் கறன்டும் எடுக்கலாம், ஆனால் சிறிய ஆலைக்குக் கட்டுப்படியாகாது. உமி இடம் அடைக்கும், தூரத்துக்கு ஏற்றினால் டீசல் செலவு உமியை விழுங்கிவிடும்.

விறகு விடயத்தில் பாடப்புத்தகம் கொஞ்சம் அவசரப்படுகிறது என்று எனக்குப் படுகிறது. விறகு புதுப்பிக்கத்தக்கது என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். வேலிக்கு நட்ட சீமைக்கிளுவையை வெட்டினால் ஒரு வருடத்துக்குள் மறுபடி தழைக்கும், அது சரி. முதிரையையும் பாலையையும் வெட்டி எரித்தால்? பேரன் காலத்திலும் அந்த மரம் அந்த அளவுக்கு வராது. வெட்டும் வேகத்துக்கு வளர்ந்தால்தான் புதுப்பிக்கத்தக்கது. மகள் பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும், புள்ளி முக்கியம். வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

கிளி_கூரை:
கிளிநொச்சியில் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் போட்டிருக்கிறேன். நல்ல வெயிலில் நாளைக்கு 20 யூனிட் வரும். வாங்கும்போது விற்றவர் சொல்லாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். பற்றரி இல்லாத, வீதி லைனோடு இணைத்த ஒன்கிறிட் சோலர் என்றால், வீதியில் கறன்ட் போனதும் உங்கள் சோலரும் நின்றுவிடும். நடுப்பகல், கொளுத்தும் வெயில், கூரை நிறையப் பனல், உள்ளே மின்விசிறி ஓடாது! மனைவியின் உறவுகள் வந்திருந்த நாளில் இதை விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பழைய_வயர்மேன்:
அது பழுது இல்லை, பாதுகாப்பு. லைன் அறுந்து திருத்த ஒருவர் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் கூரையிலிருந்து கறன்ட் போனால் அவர் கதை முடிந்தது. கம்பத்தில் ஏறியவன் சொல்கிறேன், அந்த ஏற்பாடு இருக்கத்தான் வேண்டும். மின்வெட்டிலும் ஓட வேண்டுமானால் பற்றரியுள்ள ஹைபிரிட் இன்வேர்ட்டர் போட வேண்டும், அது தன் பக்கத்தை வீதி லைனிலிருந்து துண்டித்துக்கொண்டு ஓடும்.

கிளி_கூரை:
அது புரிகிறது. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டதே? ஒரு பக்கம் போடு போடு என்கிறார்கள், இன்னொரு பக்கம் நிறுத்து என்கிறார்கள்.

பழைய_வயர்மேன்:
இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கறன்டைக் கம்பிக்குள் சேர்த்து வைக்க முடியாது. எடுக்கும் அளவும் செலவாகும் அளவும் ஒவ்வொரு செக்கனும் சமனாக இருக்க வேண்டும். கூடினால் கறன்டின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸுக்கு மேலே போகும், குறைந்தால் கீழே இறங்கும். எல்லை தாண்டினால் இயந்திரங்கள் தம்மைக் காப்பாற்றத் தாமாகவே கழன்றுகொள்ளும். விடுமுறையில் தொழிற்சாலை இல்லை, அலுவலகம் இல்லை, செலவு படுத்துவிட்டது. வெயிலோ உச்சத்தில். அதனால்தான் அந்த வேண்டுகோள்.

இதில் இன்னொரு சிக்கல். நீர்மின், அனல்மின் நிலையங்களில் தொன் கணக்கில் எடையுள்ள இரும்பு சுழல்கிறது. சுமை ஏற்றிய மாட்டுவண்டி போல, ஒரு அதிர்ச்சி வந்தாலும் உடனே நிற்காது. அந்த ஒன்றிரண்டு செக்கனில் மற்ற நிலையங்கள் ஈடு கொடுத்துவிடும். சோலரில் சுழல்வது எதுவும் இல்லாததால் அந்தத் தாங்கு சக்தியும் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதி நாடே இருண்டது என்று சிரித்தோம். ஞாயிறு பகல், செலவு குறைவு, சோலர் பங்கு அதிகம். குரங்கு ஆரம்பித்து வைத்தது, அதைத் தாங்க அந்த நேரம் நாட்டின் மின்கம்பி வலையில் (கிறிட்டில்) போதிய சுழலும் எடை இருக்கவில்லை. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் கழன்றன. அனல் நிலையம் மீண்டும் சூடேறி வர நாட்கள் எடுக்கும், அதனால் அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். எங்களிடம் சக்தி இல்லாமல் இல்லை, அது வரும் நேரம்தான் பிரச்சினை. பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மலைநாட்டு நீர்த்தேக்கம் இறங்கும், காற்றும் குறைவு, வெப்பத்தால் மின்விசிறிச் செலவு கூடும். பகலைச் சோலர் பார்த்துக்கொள்ளும், இரவை யார் பார்ப்பது? போதிய பற்றரி இல்லாத வரை கரியும் எண்ணெயும்தான்.

சந்தேகி:
அப்படியென்றால் கரியை விட முடியாது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

பழைய_வயர்மேன்:
இன்றைக்கு முடியாது. சேமிக்கும் வசதி வரவர முடியும். இந்த இடத்தில்தான் விசுவமடுத் தம்பிக்கு அதிர்ஷ்டம். அவருக்குக் கறன்டைச் சேமிக்கவே தேவையில்லை, தண்ணீரைச் சேமித்தால் போதும். பகலில் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு மாலையில் பாய்ச்சலாம். நேரம் தப்பினாலும் பழுதாகாத வேலை இறைப்பு.

குளக்கட்டு:
நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். கோடையில் பயிருக்கு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவு தண்ணீர் தேவை என்று வைத்தால் ஒரு ஏக்கருக்கு 20,000 லீற்றர். அதை 10 மீற்றர் உயர்த்த வேண்டிய சக்தி அரை யூனிட்தான்! பம்பி, மோட்டார், குழாய் இழப்பு எல்லாம் சேர்த்தால் ஒன்றரை யூனிட். வாய்க்காலில் விட்டால் நிறையத் தண்ணீர் வழியிலேயே போய்விடும் என்பதால் இரட்டிப்பாக்குங்கள், மூன்று. இரண்டு ஏக்கருக்கு ஆறு யூனிட். ஒரு கிலோவாட் பனல் நல்ல நாளில் நான்கு யூனிட் தரும். 550 வாட் பனல் நான்கு போட்டால் 2.2 கிலோவாட், தாராளம். சொட்டுநீர் போட்டால் இரண்டே போதலாம்.

மாரியில் படுத்துவிடும் என்பது உண்மை. மப்பு நாளில் நாலில் ஒரு பங்குகூட வராது. ஆனால் மாரியில் நீங்கள் எதற்கு இறைக்கப் போகிறீர்கள்?

விசுவமடு_தோட்டம்:
ஹா ஹா. பக்கத்துக் காணிக்காரருக்கு இதைக் காட்டுகிறேன். யானைக்கு என்ன செய்வது?

ஒட்டுசுட்டான்_வேலி:
என் தோட்டத்தில் சோலர் பம்பி ஓடுகிறது, யானையும் வருகிறது. பனலை யானை தேடி வருவதில்லை. பயிருக்கு வரும் வழியில் நின்றால் தள்ளும். கிணற்றடியில், வீட்டுப் பக்கமாக, இரும்புக் குழாய்த் தூணில் வையுங்கள். குரங்குதான் அதைவிடக் கரைச்சல், மேலே குந்தியிருந்து வயரை இழுக்கும். வயரைக் குழாய்க்குள் விடுங்கள். கள்ளரும் உண்டு, நட்டைக் கழற்ற முடியாதபடி வெல்ட் பண்ணுங்கள்.

யானை வேலியும் சோலரில் ஓடுவதுதான். சிறிய பனல் பற்றரியை ஏற்றும், வேலிக் கருவி செக்கனுக்கு ஒரு தடவை அளவில் மிகக் குறுகிய துடிப்பாக ஆயிரக்கணக்கான வோல்ற்றை அனுப்பும். அடிக்கும், கொல்லாது. வீட்டுக் கறன்டை நேராக வேலிக்குக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அது யானையையும் கொல்லும், விடியற்காலையில் அந்த வழியால் போகிறவரையும் கொல்லும். தயவுசெய்து வேண்டாம்.

பனலுக்கு வெயில் வேண்டும், வெப்பம் வேண்டாம். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் உற்பத்தி குறையும். எங்கள் மத்தியானத்தில் பனல் 60 பாகையைத் தொடும், பத்து வீதத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். தகரத்தோடு ஒட்டி வைக்காமல் கீழே காற்றோட விடுங்கள். தெற்குப் பார்த்து 10 பாகை சரிவு. தூசியைக் காலையில் கழுவுங்கள், சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

முதலில் பழுதாவது பனல் இல்லை, பனலுக்கும் பம்பிக்கும் இடையில் இருக்கும் கொன்ட்ரோலர். அதற்கு நிழலும் உத்தரவாதமும் வேண்டும். திருத்துகிற ஆள் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். கொழும்புக்கு அனுப்பித் திருத்தும் வரை மிளகாய் காத்திருக்காது.

சந்தேகி:
இது வேலை செய்யும் போல் இருக்கிறது. மிசினை விற்றுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஒட்டுசுட்டான்_வேலி:
அதை நானும் சொல்வேன். என் மண்ணெண்ணெய் மிசின் இன்னும் கொட்டிலில்தான் நிற்கிறது.

விசுவமடு_தோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. மகள் வயர்மேன் ஐயா எழுதியதையும் குளக்கட்டு அண்ணையின் இரணைமடுக் கணக்கையும் கொப்பியில் எழுதிவிட்டாள். முதிரை மரம் பற்றி ரீச்சரிடம் கேட்கப் போகிறாளாம். நான் நான்கு பனல், 2 குதிரைவலு நேரோட்டப் பம்பி, 10,000 லீற்றர் தொட்டி என்று விலை கேட்டிருக்கிறேன். பம்பியைத் தண்ணீருக்குள் இறக்குவதா, மேலே வைப்பதா?

குளக்கட்டு:
ஆவணியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? தரையிலிருந்து 20 அடிக்குக் கீழே போகிறதென்றால் மேலே வைத்த பம்பி உறிஞ்சத் திணறும், இறக்கும் பம்பியே வாங்குங்கள். அதற்கு மேலே நிற்கிறதென்றால் மேலே வைக்கலாம், பழுது பார்ப்பதும் சுலபம். கயிற்றில் கல்லைக் கட்டி அளந்துவிட்டு எழுதுங்கள், அதன் பிறகு விலையைப் பார்க்கலாம்.